அச்சகத்திலிருந்து ஆவணக்காப்பகத்துக்கு: தமிழ்நாட்டுத் தேர்தல் நோட்டீசுகளும் பல்கலைக்கழக நூலகங்களும்

1. கேள்வி

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட நாள் முதல் பிரச்சாரம் ஓயும் மாலை வரை தமிழ்நாட்டு அச்சகங்களுக்கு உறக்கம் இல்லை. பிட் நோட்டீஸ், சுவரொட்டி, மாதிரி வாக்குச்சீட்டு, வேட்பாளர் படம் போட்ட பூத் சிலிப், கதவில் ஒட்டும் ஸ்டிக்கர், பொதுக்கூட்ட அழைப்பு, உள்ளூர்ச் சங்கங்களின் ஆதரவு அறிக்கை, பெயர் போடாமல் வரும் மொட்டை நோட்டீஸ் என்று வகை வகையாக அச்சாகின்றன. வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் மிச்சக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. சுவரில் இருப்பவை மழைக்கும் அடுத்து வரும் சுவரொட்டிக்கும் இரையாகின்றன.

1952 முதல் ஒவ்வொரு தொகுதியிலும் யார் எத்தனை வாக்கு பெற்றார் என்பது தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் கடைசி இலக்கம் வரை இருக்கிறது. அந்த வாக்குகளைக் கேட்டு எந்த ஊரில், எந்தச் சொற்களில், யார் பெயரால், எத்தனை படிகள் அச்சிடப்பட்டன என்று தேடினால் நம் கைக்குக் கிடைப்பவை சில தனியார் சேகரிப்புகளும் நினைவுக் குறிப்புகளும்தாம். இவ்வளவு அச்சாகியும் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சுகிறது? ‘தமிழருக்கு ஆவணம் காக்கும் பழக்கம் இல்லை’ என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பதில் போதாது என்பதும், நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். தேர்தல் அச்சுப்பொருள்களைத் திரட்டும் ஏற்பாடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. திரட்டியதை நூலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழிதான் இல்லை.

2. இதுவரையிலான புரிதல்

வெகுமக்கள் அச்சையும் காட்சியையும் அரசியல் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் மரபு தமிழாய்வில் புதிதன்று. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட நூல், நாடகமும் பாட்டும் சினிமாவும் தேசிய இயக்கத்தைச் சுமந்த விதத்தை ஆராய்ந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை அரசியல் ஆவணமாக வாசித்தார். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004), அறிஞர் உலகம் பொருட்படுத்தாத, மலிவுவிலைக் குஜிலிப் பதிப்புகளுக்கு வரலாற்றில் இடம் தந்தது. பெர்னார்ட் பேட் மதுரையின் மேடைத் தமிழையும், பிரமிந்தா ஜேக்கப் சென்னையின் கட்அவுட்களையும் பேனர்களையும் ஆராய்ந்து எழுதிய நூல்கள் இரண்டும் 2009இல் வந்தன.

இந்த ஆய்வுகளின் வலிமை மறுக்க முடியாதது. ஆனால் இத்தகைய ஆய்வில் இறங்கும் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சான்றைப் பெருமளவு தாமே தேடித் திரட்ட வேண்டியிருக்கிறது. களத்தில் எடுத்த ஒளிப்படமும் தனிமனிதர் சேகரிப்பும் தற்செயலாய்க் கிடைத்த கட்டுகளும்தாம் அடிப்படை. அடுத்து வருபவர் அதே சான்றைத் திறந்து பார்த்து மறுக்கவோ உறுதிப்படுத்தவோ வழி குறைவு. மறுவாசிப்புக்கு இடம் தராத சான்று ஆய்வுலகில் பாதிச் சான்றுதான்.

பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என மற்றவர் தூக்கி எறிந்ததையும் சேர்த்த அவர் 1992இல் மறைந்தார். சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேண முன்வந்ததால் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவருக்குத் தமிழ்ச் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் இந்தக் கதையை மீண்டும் மீண்டும் சொல்வதில் ஒரு விளைவு உண்டு. ஆவணம் காப்பது தனிமனிதரின் தீராப் பற்று சார்ந்த வேலை என்று எண்ணிவிடுகிறோம். பொது நிறுவனங்கள் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு வரலாறு இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. காலனி அரசு தடை செய்த வெளியீடுகளைப் பற்றி ஜெரால்ட் பேரியர் 1974இல் ஒரு நூல் எழுதினார். தேசிய இயக்கக் காலத்துத் தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் பல இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்து கோப்பில் வைத்ததுதான். லண்டனிலும் தில்லியிலும் இருக்கும் தடைசெய்யப்பட்ட வெளியீடுகளின் தொகுப்புகள் அப்படி உருவானவை. கண்காணிக்கத் திரட்டியவை காலப்போக்கில் வரலாற்றின் மூலங்களாயின. சுதந்திர இந்தியாவின் தேர்தல் சட்டமும் கண்காணிக்கத்தான் திரட்டுகிறது. அங்கே நேர்ந்தது இங்கே ஏன் நேரவில்லை என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.

3. சட்டம் திரட்டுவதும் விட்டுவிடுவதும்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961இல் சேர்க்கப்பட்ட 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையும் சுவரொட்டியும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் தாளின் முகப்பிலேயே தாங்கியிருக்க வேண்டும் என்கிறது. வெளியிடுபவர் தாம் யார் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியை, தம்மை அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு, இரண்டு படிகளாக அச்சகத்தாரிடம் தர வேண்டும். அச்சகத்தார் அந்த உறுதிமொழியில் ஒரு படியையும் அச்சிட்ட பொருளில் ஒரு படியையும் அனுப்பிவைக்க வேண்டும். தலைநகரில் அச்சானால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, மற்ற இடமானால் மாவட்ட ஆட்சியருக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1994இல் தேர்தல் ஆணையம் பிறப்பித்த உத்தரவு இதை இன்னும் இறுக்கியது. அச்சான மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். ஒன்றுக்குப் பதில் நான்கு பிரதிகள் வேண்டும். எத்தனை படிகள் அடிக்கப்பட்டன, எவ்வளவு கூலி வாங்கப்பட்டது என்பதையும் உரிய படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

ஆவணக்காப்பாளரின் கண்ணோடு இந்த விதிகளை வாசிக்க வேண்டும். உதிரி அச்சுப்பொருளைப் பட்டியலிடுபவர்களை எங்கும் வாட்டுவது, அது யாரால், எங்கே, எப்போது, எத்தனை படிகள் அச்சிடப்பட்டது என்று தெரியாததுதான். நம் சட்டம் இந்த நான்கையும் கேட்டு வாங்கிவிடுகிறது, அச்சுக்கூலியையும் சேர்த்து. பெரும் நூலகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பெற முடியாத விவரம் ஒவ்வொரு தேர்தலின்போதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஒரு மேசைக்கு வந்து சேர வேண்டும் என்பது சட்டம். எல்லா அச்சகங்களும் ஒழுங்காக அனுப்புகின்றன என்று நான் வாதிட மாட்டேன். அனுப்பியவையே ஒரு தொகுப்புக்குப் போதும்.

இவை தேர்தல் செலவுக் கணக்கைச் சரிபார்க்கவும், புகார் எழுந்தால் சான்றாகவும் பயன்படுகின்றன. அந்தப் பயன் தீர்ந்தபின் அவற்றை நூலகத்துக்கோ ஆவணக்காப்பகத்துக்கோ தரச் சொல்லும் ஒரு வரிகூட அந்தப் பிரிவில் இல்லை. காலனி அரசின் பறிமுதல் கோப்பு காலவரையறை இல்லாமல் கிடந்ததால் தங்கியது. தேர்தல் கோப்பின் ஆயுளோ தேர்தலோடு முடிகிறது. இந்த வேறுபாட்டைத்தான் முக்கியமான காரணமாக நான் கருதுகிறேன்.

மற்றொரு வாயிலும் உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீட்டாளர்கள் தம் நூல்களைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். ‘நூல்’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் துண்டுப்பிரசுரமும் அடக்கம். ஆனால் ஒரு வேட்பாளரின் முகவர் நோட்டீசு அடித்து அதைக் கன்னிமாராவுக்கு அஞ்சலில் அனுப்புவது வழக்கமில்லை. அனுப்பச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

சட்டம் விட்டுவிடுவதைப் பற்றியும் பேச வேண்டும். ஆய்வாளருக்கு இந்தப் பகுதிதான் கூடுதல் முக்கியமானது. கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் ஆகியவற்றை மட்டும் அறிவிக்கும் நோட்டீசுகளுக்கு 127ஏ பிரிவு விலக்கு அளிக்கிறது. தேர்தல் ஒழுங்கின் கோணத்தில் அது நியாயமே. ஊர் வரலாற்றின் கோணத்தில் பார்த்தால் கூட்ட நோட்டீசுதான் எல்லாவற்றிலும் செறிவானது. ஏன் என்பதை அடுத்த பகுதியில் காட்டுகிறேன். கையால் படியெடுப்பது அச்சு ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. ஆகவே சுவரெழுத்து முழுவதும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மொட்டை நோட்டீசோ சட்டத்துக்குத் தப்பவே பிறந்தது. சட்டத்தின் வழியாக மட்டும் ஒரு தொகுப்பை உருவாக்கினால், முகவரி உள்ளவர்களின் அரசியல் மட்டுமே அதில் பதிவாகும்.

வாக்குச்சீட்டின் நிலை வேறு. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் வாக்குச்சீட்டுகளைக் குறித்த காலம் காத்துப் பிறகு அழிக்கச் சொல்கின்றன. வாக்கின் இரகசியம் கருதிய விதி அது. அதைத் தளர்த்தக் கோருவது தவறு. ஆனால் மொடக்குறிச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். பெரும்பாலோர் தங்கள் குறைகளை அரசு கேட்கவில்லை என்று எதிர்ப்புக் காட்ட மனுப்போட்ட விவசாயிகள். வாக்குப்பதிவு தள்ளிப்போனது, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் புத்தகத்தைக் கையில் புரட்டாத ஒருவருக்கு, ஒரு வட்டாரத்தின் எதிர்ப்பு எப்படிப் பக்கம் பக்கமாக வடிவம் கொண்டது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லிவிடாது. வாக்காளர் கை படாத மாதிரிப் படி ஒன்றை ஒவ்வொரு தொகுதிக்கும் ஆவணமாக ஒதுக்கிவைத்தால் இரகசியத்துக்கு எந்தக் குறையும் வராது.

ஆட்சியாளர்கள் காக்க விரும்பியது தங்குவதும் குடிமக்கள் கையாண்டது அழிவதும் நமக்குப் பழைய அனுபவம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலின் தகுதிகளையும் தடைகளையும் வரிவரியாகச் சொல்கின்றன. குடத்தில் இட்ட ஓலைகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

4. ஒரு நோட்டீசு என்னென்ன சொல்லும்

கூட்ட நோட்டீசின் வழக்கமான அமைப்பை மேலிருந்து கீழாக வாசிப்போம். உச்சியில் தலைவர்கள் படம்: யார் நடுவில், யார் ஓரத்தில், யார் படம் பெரிது என்பதில் அந்த ஆண்டின் கட்சி நிலவரம் தெரியும். அடுத்து இடமும் நாளும். அதன் கீழ் பெயர்ப் பட்டியல் இறங்கும்: தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. முன்னிலை வகிப்போர் வரிசையில்தான் ஊரே இருக்கும். கிளைச் செயலாளர், வார்டு பிரதிநிதி, அரிசி மண்டி உரிமையாளர், கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் என்று, எந்த நாளிதழிலும் எந்த நூலிலும் பெயர் வராதவர்கள் அங்கே அச்சேறுகிறார்கள். அவர்களுடைய பெயரின் வரிசை தற்செயலாக அமைவதில்லை. ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காக நோட்டீசையே திரும்ப அடித்த ஊர்கள் உண்டு.

இந்தப் பெயர்களை ஒரே வட்டாரத்தில் தேர்தல் தேர்தலாக அடுக்கிப் பார்த்தால் கேட்கக்கூடிய கேள்விகள் பல. சாதிப் பட்டம் பெயரின் பின்னாலிருந்து எப்போது உதிர்ந்தது, எந்தக் கட்சியில் முதலில், எந்த ஊரில் கடைசியில்? திராவிட இயக்கத்தின் சாதனையாக இதைப் பொதுவாகச் சொல்கிறோம். சிற்றூர் மட்டத்தில் அதைச் சோதித்தறிய நோட்டீசை விடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் பெயர் ‘திருமதி’யோடும் கணவர் பெயரோடும் வந்த காலம், தன் பெயரில் தனித்து வந்த காலம், உள்ளாட்சி இடஒதுக்கீட்டுக்குப் பின் பெண் வேட்பாளரை விடக் கணவர் படம் பெரிதாக வந்த காலம் ஆகியவற்றையும் இப்படியே பின்தொடரலாம்.

இடப் பெயர்களும் அவ்வாறே. மெரினாவின் சீரணி அரங்கம் 2003இல் இடிக்கப்பட்டது. அங்கே நடந்த கூட்டங்களுக்கான அழைப்புகள் இன்று அரசியல் ஆவணங்கள் மட்டுமல்ல, நகரத்தின் அமைப்பைச் சொல்லும் ஆவணங்களும்கூட. சிற்றூர்களில் தேரடி, மந்தை, சந்தைப்பேட்டை, மூடிப்போன தியேட்டரின் எதிர்ப்புறம் என்று நோட்டீசு குறிக்கும் இடங்களை வரைபடத்தில் வைத்தால், அந்த ஊரின் பொதுவெளி எங்கே இருந்தது, யாருடைய தெருவுக்குக் கூட்டம் போகவே இல்லை என்பது தெரியவரும். உள்ளூர் மரபு என்றால் கோயிலும் கல்வெட்டும் மட்டுமே என்றிருக்கும் நம் எண்ணத்தை இந்தத் தாள்கள் விரிவாக்கும்.

பல நோட்டீசுகளில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. காலத்தைக் கணிக்க வேறு தடயங்களை நாட வேண்டும். ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் பெயர் மாறிய 1969 ஜனவரிக்கு முந்தியது என்று கொள்ளலாம். அச்சக முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. ‘பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்’, ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்றிருந்தால் மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்கள் நீக்கப்பட்ட 1997க்கு முந்தியது. எழுத்துருவை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபின்னும், தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ அச்சுகளைச் சிறு அச்சகங்கள் உடனே உருக்கிவிடவில்லை. கையில் இருந்த எழுத்தைத் தேயும்வரை பயன்படுத்தினார்கள். பழைய எழுத்து இருப்பதால் மட்டும் அது 1978க்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது.

இந்தக் காகிதங்களின் வழியேதான் வாக்காளர் வாக்களிக்கும் முறையையே கற்றார் என்பதையும் மறக்கலாகாது. 1937 தேர்தலில் சென்னை மாகாணக் காங்கிரசு ‘மஞ்சள் பெட்டி’க்கு வாக்குக் கேட்டது. 1952இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. பிறகே ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை பரவியது. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில், முந்தைய அக்டோபரில்தான் தோன்றிய அ.தி.மு.க., அதுவரை அறியப்படாத இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றது. ஒரு புதுச் சின்னம் சில வாரங்களுக்குள் எப்படி ஊர் ஊராக மக்கள் கண்ணில் பதிந்தது? எம்.ஜி.ஆரின் கவர்ச்சி என்ற பதில் கேள்வியின் பாதியைத்தான் தீர்க்கிறது. எந்த அச்சகம், எத்தனை படி, எந்த ஊர்ச் சுவர், இலை எப்படி வரையப்பட்டது என்பவையே மீதிப் பாதி. 1967 ஜனவரியில் சுடப்பட்டுக் கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் சுவரொட்டியைப் பற்றியும் இதையே சொல்லலாம். அந்தப் படத்தைக் குறிப்பிடாத நூல் அரிது. அதன் அச்சு வரலாற்றை எழுதிய நூலை நான் கண்டதில்லை.

5. ஏன் பல்கலைக்கழக நூலகம்

கட்சி அலுவலகங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே காக்கின்றன, காக்கட்டும். ஆனால் கட்சி காப்பது வென்றவர்களின் தாள்களை. பிரிந்து போனவர்கள், உள்ளூர்ப் போட்டி வேட்பாளர்கள், காப்புத்தொகை இழந்த சுயேச்சைகள் ஆகியோருக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் முதல் கடமை அரசின் கோப்புகள். அதோடு அது சென்னையில் இருக்கிறது. தென்காசி நோட்டீசைப் படித்து அந்த ஊர்ப் பெயர்களை அடையாளம் காணக்கூடியவர்கள் தென்காசிப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார், அழகப்பா, மனோன்மணீயம் சுந்தரனார், பெரியார் என்று வட்டாரத்துக்கு ஒன்றாகப் பல்கலைக்கழகங்கள் நமக்கு இருக்கின்றன. வரலாறு, அரசியல் அறிவியல், தமிழ், இதழியல் துறைகளின் மாணவர்கள் அந்தந்த மாவட்டங்களிலிருந்தே வருகிறார்கள். முன்னிலை வரிசையில் இருக்கும் பெயரைப் பார்த்து ‘இவர் எங்கள் தெருக்காரர்’ என்று சொல்லக்கூடிய பட்டியலாளர்கள் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் எஸ்.ஆர். ரங்கநாதனை நூலகராக்கியதிலிருந்து நூலக அறிவியல் பேசும் மாநிலம் இது. அந்தப் பெருமையில் ஒற்றைத் தாளுக்கு இன்னும் பங்கு வரவில்லை.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. லண்டனின் நேஷனல் லிபரல் கிளப் 1892 முதல் திரட்டிய வேட்பாளர் அறிக்கைகள் இன்று பிரிஸ்டல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எல்லாக் கட்சிகளின் அறிக்கைகளும் தொகுதிவாரியாக இருப்பதே அதன் மதிப்பு. பெல்பாஸ்டின் லினன் ஹால் நூலகத்தில் வட அயர்லாந்து அரசியல் தொகுப்பு 1968இல் நூலகர் கைக்கு வந்த ஒரு துண்டறிக்கையில் தொடங்கியது. எதிரெதிர்த் தரப்புகள் இரண்டும் தங்கள் வெளியீடுகளைத் தாமே கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு அது நம்பிக்கை பெற்றது. நம் பல்கலைக்கழகங்கள் மாநில அரசைச் சார்ந்தவை என்பதால் அந்த நம்பிக்கையை ஈட்டுவது எளிதாக இருக்காது. ஆளுங்கட்சியின் நோட்டீசும் அதை வசைபாடிய நோட்டீசும் ஒரே பெட்டியில், ஒரே விதமான அட்டவணைக் குறிப்போடு இருப்பதை முதல் தேர்தலிலேயே காட்டியாக வேண்டும். இதில் ஒரு சறுக்கல் நேர்ந்தாலும் அடுத்த தேர்தலில் எந்த ஊர்க்காரரும் எதையும் கொண்டுவந்து தரமாட்டார்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலைக்கு விட்டுவிடவும் கூடாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஜூன் 4இல் நடக்கவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின் சூழலில் நிகழ்ந்த கொடுமை அது. ஏறத்தாழ 97,000 நூல்களும் திரும்பப் பெற முடியாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்த அழிவின் நினைவைச் சுமக்கும் சமூகத்திலிருந்து 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், நூல்களோடு இதழ்களையும் பிரசுரங்களையும் சிறு வெளியீடுகளையும் மின்வடிவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

6. தாள், பசை, பிளெக்ஸ்

செய்தித்தாள் ரகக் காகிதத்தில் அமிலம் மிகுதி. வெயில் பட்டால் பழுத்து, மடிப்பில் ஒடியும். மடிப்பை மெதுவாக விரித்து, எடை வைத்துச் சமன்படுத்தி, அமிலமற்ற உறையில் தட்டையாக வைப்பதே போதுமான தொடக்கம். லேமினேஷன் கூடவே கூடாது: சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, காகிதமும் உள்ளேயே நொறுங்கும். நல்லெண்ணத்தோடு பாழாக்கப்பட்ட ஆவணங்கள் நம் நூலகங்களில் உண்டு.

சுவரொட்டி கூடுதல் கவனம் கேட்கும். ஒரே சுவரில் மைதாப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவை கட்டியாக உரிந்து வரும்: மேலே புதுப்படம், அதன் கீழே கண்ணீர் அஞ்சலி, அதற்கும் கீழே வேட்பாளர். அந்த அடுக்கு வரிசையே ஒரு சான்று. பிரிக்கும் முன் பக்கவாட்டிலும் மேலிருந்தும் ஒளிப்படம் எடுத்து, எந்தத் தெரு, எந்தச் சுவர், எந்த நாள் என்று எழுதி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துப் பிரித்து எண்ணிட வேண்டும். சாயம் கரைகிறதா என்று ஓரத்தில் ஒரு துளி நீரால் முதலில் சோதிப்பது அவசியம். சிவகாசியில் தலைவர் படத்தோடு வண்ணத்தில் அடித்து, அடியில் வெற்றிடம் விட்டு அனுப்பி, உள்ளூர் அச்சகத்தில் பெயரும் இடமும் சேர்க்கும் நடைமுறை உண்டு. அத்தகைய சுவரொட்டிக்கு இரண்டு அச்சகங்கள், இரண்டு தேதிகள். அட்டவணையில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

பிளெக்ஸை முழுதாகச் சேமிக்க முயல்வது வீண் என்பது என் முடிவு. அது பிவிசி, நாளடைவில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடமும் பெரிதாக அடைக்கும். அளவுகோல் தெரியும் ஒளிப்படமும் அச்சிட்ட மூலக் கோப்பும் போதும். அந்த மூலக் கோப்பு டிசைன் சென்டர் கணினியில் அடுத்த தேர்தல்வரைகூட இருக்காது என்பதால், கேட்டு வாங்க வேண்டியது உடனே. வாட்ஸ்அப் படங்களுக்கும் இந்த அவசரம் பொருந்தும். அவற்றில் அச்சகப் பெயர் இல்லாததால், எந்தக் குழுவில் எந்த நாளில் வந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆவண மதிப்பு பெரிதும் குறையும்.

7. எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது

திரட்டிய அனைத்தையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பூத் சிலிப்பில் தனிமனிதரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருக்கும். மொட்டை நோட்டீசில் பெண்களைப் பற்றிய அவதூறும் சாதி வசையும் இருக்கும். சாதி, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு முறைகேடு என்கிறது. அப்படிக் கேட்ட தாள்தான் அந்த முறைகேட்டுக்கான வரலாற்றுச் சான்றும். ஆகவே அவற்றை அழிக்கவும் கூடாது, பரப்பவும் கூடாது. பூத் சிலிப்பில் கட்சி அச்சிட்ட பகுதியை மட்டும் மின்படியில் காட்டலாம். அவதூறு நோட்டீசை அட்டவணையில் சேர்த்து, உரிய ஆய்வாளருக்கு நூலகத்தினுள் மட்டும் காட்டலாம். தந்தவர் பெயரை அவர் விரும்பினாலொழிய வெளியிடக் கூடாது. சிற்றூரில் ஒரு நோட்டீசை யார் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்பதே பகையாக மாறக்கூடும்.

8. செய்யக்கூடியது

ஒரு தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடர முடிவு வந்ததிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு. வேட்பாளர்கள் செலவுக் கணக்கை 30 நாளில் தர வேண்டும். இந்த இரண்டும் முடிந்து, வழக்கு இல்லாத தொகுதிகளின் அச்சுப்பொருள்களில், நான்கு பிரதிகளில் ஒன்றை அந்த வட்டாரப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அச்சகப் படிவத்தின் நகலோடு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். வழக்குள்ள தொகுதிகளுக்கு அது முடியும்வரை காத்திருக்கலாம். 127ஏ பிரிவு அனுப்பச் சொல்லவில்லை; அனுப்பக் கூடாது என்றும் சொல்லவில்லை. எனவே சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல், துணைவேந்தர் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு எழுதும் ஒரு கடிதத்திலிருந்தே இதைத் தொடங்க முடியும்.

சட்டம் விட்டுவிடும் பகுதிக்கு மாணவர்கள் வேண்டும். எல்லாத் தொகுதிகளையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஒரு பல்கலைக்கழகம் இரண்டு மூன்று தொகுதிகளைத் தேர்ந்துகொண்டு, அறிவிப்பு நாள் முதல் எண்ணிக்கை நாள் வரை அதே சுவர்களையும் அதே தெருக்களையும் நாள்தோறும் ஒளிப்படமெடுத்து, கூட்ட நோட்டீசுகளைத் திரட்டி, அடுத்த தேர்தலிலும் அதே இடங்களுக்குத் திரும்புவது பயனுள்ளது. ஊர்ச் சுவர்களில் இன்னும் மங்கலாகத் தெரியும் பழைய உதயசூரியனையும் இரட்டை இலையையும் கையையும் கதிர் அரிவாளையும், வெள்ளையடிக்கும் முன் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. வரைந்த ஓவியர்கள் பலர் பிளெக்ஸ் வந்தபின் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். டிரெடில் ஓட்டியவர்களும் மர எழுத்துக் கோத்தவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். தாள்களைத் திரட்டும் அதே பயணத்தில், அவர்கள் வேலை செய்த முறையையும் வாங்கிய கூலியையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.